காட்டு யானைக்கும் கண்மாய்த் தண்ணீருக்கும் என்ன உறவு?

வாசகர் கேள்வி – பதில்

மேற்குத் தொடர்ச்சி மலை யானைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், யானை இல்லாமற்போகும் காடு சில தலைமுறைகளுக்குள் வேறொரு காடாக மாறிவிடும் என்று எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியுள்ளனர். காட்டு யானையே இல்லாத மாவட்டத்திலிருந்து இத்தனை கேள்விகள் வந்தது மகிழ்ச்சி தருகிறது. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

எங்கள் மாவட்டத்தில் யானை வாழும் காடு கிடையாது. யானை என்றால் இராமேசுவரம் கோயிலில் பார்த்ததுதான். எங்கோ மலையில் யானை குறைந்தால் கடற்கரையில் இருக்கும் எங்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?
– ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், இராமநாதபுரம்

உங்கள் ஊர்ப் பெரிய கண்மாய்க்கு வரும் வைகைத் தண்ணீரைப் பின்தொடர்ந்து மேற்கே போய்ப் பாருங்கள். பார்த்திபனூர் மதகணை, மானாமதுரை, மதுரை, வைகை அணை என்று கடந்துபோனால் வருசநாட்டு மலையில்தான் அந்த வழி முடியும். அந்த மலைக்காடுகளும் மேகமலைக் காடுகளும் 2021-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. அவை யானைகளின் வாழிடம். வைகையில் சேரும் இன்னொரு பங்குத் தண்ணீர், 1895-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வருகிறது. அந்த அணையின் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்திருக்கும் பெரியாறு காப்பகத்திலும் யானைக்கூட்டங்கள் நிறைய உண்டு. ஆகவே ஆற்றங்கரை, அழகன்குளம் என்னும் ஊர்களின் பக்கம் பாக் நீரிணையில் கலக்கும் வைகை, தன் பிறப்பிடத்திலும் தனக்கு நீர் தரும் இடத்திலும் யானைக் காடுகளை நம்பியே இருக்கிறது.

யானை மழையை வரவழைக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெய்த மழையை மலை உடனே கீழே உருட்டிவிடாமல் பிடித்துவைத்து, மாதக்கணக்கில் ஓடைகளாகக் கசியவிடுவதற்குப் பலவகை மரங்களும், அவற்றின் வேர்களும், உதிர்ந்த இலைகள் மக்கிய மண்ணும் வேண்டும். அப்படிப்பட்ட காட்டில் முதிய மரங்கள் விழுந்த இடத்தில் அதே வகைக் கன்றுகள் மீண்டும் முளைத்துவர வேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கு யானையுடையது. இருவாட்சி, புனுகுப்பூனை, பழந்தின்னி வௌவால் ஆகியவையும் விதை பரப்புகின்றன என்றாலும், பெரிய பழங்களையும் பெரிய விதைகளையும் விழுங்கிக் கொண்டுபோகும் அளவுக்கு அவற்றுக்கு வாயும் வயிறும் இல்லை. வருசநாட்டில் காடு கெட்டால் முதலில் தெரிவது ஆண்டிபட்டியிலோ மதுரையிலோ இருக்கலாம். ஆனால் ஆற்றின் கடைமடையில் இருப்பவருக்குத்தான் கடைசிச் சொட்டும் கிடைக்காமல் போகும். அந்தக் கடைமடை உங்கள் மாவட்டம்.

யானை காட்டுக்கு என்னதான் செய்கிறது என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். "காட்டின் காவலன்" என்று சொன்னால் அவர்களுக்குப் போதவில்லை.
– பள்ளி ஆசிரியை, தேவிபட்டினம்

பிள்ளைகளுக்குப் போதாதது நல்லதே. யானையின் இலத்தியிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். அவர்கள் முதலில் சிரித்தாலும் பிறகு கவனித்துக் கேட்பார்கள்.

வளர்ந்த யானை ஒரு நாளில் ஏறத்தாழ 150 கிலோ புல், இலை, பட்டை, மூங்கில், பழம் எல்லாம் தின்கிறது. அதற்காக நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கிறது. இவ்வளவு தின்றாலும் அதன் குடல் உணவில் பாதியைக்கூட முழுதாகச் செரிப்பதில்லை. மீதி நாரும் விதையுமாக வெளியே வந்துவிடுகிறது. புதிய இலத்தி உருண்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் மெல்லப்பட்ட மூங்கில் நார், புல் துண்டுகள், அவற்றுக்கிடையே முழுதாக இருக்கும் விதைகள், ஈரப்பதம், இளஞ்சூடு எல்லாம் ஒன்றாகத் தெரியும். விதைக்கு அதுவே பாத்தியும் எருவும். கீழே இருந்து சாணவண்டுகள் வந்து அதைத் துண்டு துண்டாக மண்ணுக்குள் இழுத்துச் செல்கின்றன. அத்துடன் சில விதைகளும் புதைகின்றன. மேலே கோழியினப் பறவைகள் வந்து கிளறுகின்றன. உங்கள் ஊருக்கு நேர்எதிரே கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கையின் தென்கிழக்குப் பகுதியில், காய்ந்த காலத்தில் யானை இலத்திக்குள் தவளைகள் ஒதுங்கியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டு பதிவுசெய்திருக்கிறார்கள்.

விதை யானையின் வயிற்றில் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் தங்குகிறது. அதற்குள் யானை பல கிலோமீட்டர் நடந்துவிடும். தாய்மரத்தின் அடியிலேயே விழுந்த விதைக்கு நிழலும், அந்த மரத்தை நம்பியே வாழும் பூச்சியும் பூஞ்சையும் எதிரிகள். தொலைவுக்குப் போன விதை அவற்றிலிருந்து தப்பிக்கிறது. யானை இல்லாத இடத்தில் மாடும் எருமையும் இந்த வேலையைச் செய்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. மேற்கு வங்கத்தின் பக்சா புலிகள் காப்பகத்தில் நிதின் சேகர், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார் உள்ளிட்டோர் இதை ஆராய்ந்தார்கள். மாடுகள் ஓரளவு ஈடுகட்டின. ஆனால் பெரிய பழ மரங்களின் விதைகளை வெகுதொலைவுக்கு எடுத்துச் செல்வதில் யானைக்கு மாற்று எதுவும் இல்லை என்பதே அவர்கள் கண்டது.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஆறு மணலாய்க் கிடக்கும்போது யானை முன்காலாலும் துதிக்கையாலும் ஊற்றுத் தோண்டுகிறது. உங்கள் பகுதிப் பெண்கள் வறட்சியில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் தண்ணீர் சேந்துவதைப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். ஆற்றுமணலில் யானை செய்வதும் அதே வேலைதான். யானை குடித்துப் போன பின்பு மானும் பன்றியும் பறவைகளும் அந்தக் குழியில் வந்து குடிக்கின்றன. மழைக்காலத்திலோ, ஈர மண்ணில் பதிந்த அதன் காலடிக் குழிகளில் நீர் தேங்கி நிற்கும். மியான்மரில் அத்தகைய குழிகளில் தவளை முட்டைகளும் தலைப்பிரட்டைகளும் இருந்தது பதிவாகியுள்ளது. இவற்றில் எதையும் யானை பிறருக்காகச் செய்வதில்லை. பசிக்குத் தின்கிறது, தாகத்துக்குத் தோண்டுகிறது. அதன் உடல் பெரிது என்பதால் அது செய்வதெல்லாம் காடு முழுவதற்கும் போய்ச் சேருகிறது.

"யானை உண்ட விளங்கனி" என்கிறோமே, ஓடு உடையாமல் உள்ளிருப்பது மட்டும் செரித்து வெளியே வரும் என்பது உண்மையா?
– வாசகர், கீழக்கரை

விளாம்பழத்தை யானை விரும்பித் தின்னும் என்பது உண்மை. யானையின் கடைவாய்ப் பற்கள் அம்மிக்கல் போன்றவை. மெல்லப்பட்ட பழத்தின் ஓடு உடைந்துதான் உள்ளே போகும். சதை செரித்துவிடும், உள்ளே இருக்கும் சிறு விதைகள் பல கெடாமல் இலத்தியோடு வெளியே வந்து முளைக்கின்றன. ஓடு முழுதாக வருவதாகப் பழமொழி சொல்கிறது. முழுதாக வருவது விதை. மரத்தின் பக்கமிருந்து பார்த்தால் விதை வருவதே பெரிய காரியம்.

மரத்தை முறித்தும் பட்டையை உரித்தும் போடும் விலங்கு காட்டை வளர்க்கிறது என்பதை எப்படி ஏற்பது? ஒரு யானையின் மதிப்பு பல கோடி ரூபாய் என்றும் ஒரு செய்தியில் படித்தேன். காலநிலையோடு இதற்கு என்ன தொடர்பு?
– கல்லூரி மாணவர், பரமக்குடி

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த இடம் ஆப்பிரிக்காவின் நடுவிலுள்ள காங்கோ மழைக்காடு. அங்கே வாழும் காட்டு யானை, நம் ஆசிய யானையிலிருந்து வேறுபட்ட இனம். அதைப் பற்றி ஃபபியோ பெர்சாகியும் அவரோடு பணியாற்றியவர்களும் 2019-இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யானைகள் நடக்கும் வழியிலும் மேயும் இடத்திலும் மெல்லிய இளமரங்களை மிதித்தும் முறித்தும் தின்றும் குறைத்துவிடுகின்றன. அப்படிக் குறைந்த இடத்தில் எஞ்சும் மரங்களுக்கு ஒளியும் நீரும் கூடுதலாகக் கிடைக்கின்றன. நாளடைவில் மெதுவாக வளரும், கட்டை கெட்டியான பெருமரங்கள் ஓங்குகின்றன. கட்டை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கரிமம் (கார்பன்) அதில் அடங்கியிருக்கும். மரத்தில் அடங்கிய கரிமம், புவியைச் சூடாக்கும் கரியமில வாயுவாகக் காற்றில் கலக்காமல் இருக்கும்; காலநிலையோடு உள்ள தொடர்பு இதுதான். யானைகள் அறவே அழிந்தால் அந்தக் காடுகள் நிலத்துக்கு மேலே தாங்கியிருக்கும் உயிர்ப்பொருளில் 7 விழுக்காட்டை இழக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். அதாவது, முறிப்பதும் வளர்ப்பதும் அங்கே ஒரே செயலாகிவிடுகின்றன.

அந்த ஆய்வை ஒட்டித்தான், பன்னாட்டு நாணய நிதியத்தில் பணியாற்றிய பொருளியலாளர் ரால்ஃப் சாமி, ஓர் ஆப்பிரிக்கக் காட்டு யானை கரிமச் சேமிப்புக்குச் செய்யும் பணியின் மதிப்பு ஏறத்தாழ 17.5 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார். நீங்கள் படித்த செய்தியின் மூலம் இதுவாக இருக்கலாம். தந்தத்தின் விலையை மட்டுமே அறிந்த உலகத்துக்கு, உயிரோடு இருக்கும் யானையின் மதிப்பு அதைவிடப் பன்மடங்கு என்று சொல்ல அந்தக் கணக்கு பயன்பட்டது. அந்த அளவில் அதை மதிக்கிறேன். ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துவந்து முதுமலை யானைக்கும் மேகமலை யானைக்கும் பொருத்தக்கூடாது. முதுமலை போன்ற காடுகளில் பெரும்பகுதி வறண்ட இலையுதிர் காடு. புல்வெளியும் மூங்கிலும் கலந்தது. அங்கே யானை கிளை முறித்தால் கீழே நிற்கும் புள்ளிமானுக்கு எட்டாத இலை எட்டுகிறது. இடைவெளி விட்டால் புல் வளர்கிறது. அதன் பயன் வேறு வகையானது. ஆப்பிரிக்கச் சமவெளிகளில் யானை மரங்களைக் குறைத்துப் புல்வெளியைக் காக்கவும் செய்கிறது. ஆகவே "யானை இருந்தால் கரிமம் கூடும்" என்று எல்லா நிலத்துக்கும் ஒரே வாய்பாடு போடுவது தவறு. மேலும், விலை குறிக்கப்பட்ட எதற்கும் அதைவிடக் கூடுதல் விலை கொடுக்க ஒருவர் வந்துவிடுவார். யானையின் வழித்தடத்தில் சுரங்கமும் விடுதியும் கேட்டு வருபவரிடம் விலைப்பட்டியலோடு பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

யானையும் மாட்டைப்போல, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளியிடாதா?
– வாசகி, திருப்புல்லாணி

வெளியிடும். ஆனால் யானை அசைபோடும் விலங்கு இல்லை. அதன் உணவு பின்குடலில் நொதிக்கிறது. அதனால் உடல் எடையோடு ஒப்பிட்டால் மாட்டைவிடக் குறைவாகவே வெளியிடுகிறது. எண்ணிக்கையையும் பாருங்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் மட்டும் 19 கோடிக்கு மேல். மரபணு முறையில் கணக்கிட்டு 2025 அக்டோபரில் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி காட்டு யானைகள் 22,446. உலகில் எஞ்சிய ஆசிய யானைகளில் பாதிக்கும் மேல் இவைதாம்.

எங்கள் பக்கம் பனைதான் எல்லாம். பனைக்கும் யானைக்கும் தொடர்பு உண்டா?
– பனைத்தொழிலாளியின் மகள், சாயல்குடி

உங்கள் ஊர்ப் பனைக்குத் தொண்டு செய்தவர்கள் மனிதர்களே. கொட்டையைப் பொறுக்கி ஊன்றி வளர்த்தவர்கள் உங்கள் முன்னோர். ஆனால் ஆப்பிரிக்காவில் நம் பனையின் நெருங்கிய உறவான ஒரு பனை இனம் உண்டு. அதன் பழத்தை யானை விழுங்கி, கொட்டையைத் தொலைவில் போடுகிறது. அவ்வளவு பெரிய கொட்டையை விழுங்க வேறு எந்த விலங்குக்கு வாய் இருக்கிறது?

யானை நல்லது என்று எழுதுவது எளிது. என் தம்பி கம்பம் பக்கம் தோட்டக்கூலியாக இருக்கிறான். விடியற்காலையில் வேலைக்குப் போக நடுங்குகிறான்.
– விவசாயி, முதுகுளத்தூர்

உங்கள் தம்பியின் நடுக்கத்தை இந்தப் பக்கத்தில் எழுதும் எதுவும் குறைத்துவிடாது என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 பேர் யானைகளால் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலித்தொழிலாளரும் சிறு விவசாயிகளும் காட்டோர மக்களும்தான். காட்டின் பயனை நாடு முழுதும் பெறுகிறது. அதன் விலையை மலையடிவார ஏழைகள் கொடுக்கிறார்கள். இது அநீதி. பயிர்ச்சேதத்துக்கும் உயிரிழப்புக்கும் உரிய இழப்பீடு தாமதமின்றிக் கிடைப்பது யானைப் பாதுகாப்பின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன். இழப்பீடு இழுத்தடிக்கப்படும் ஊரில் யானையின் மேல் யாருக்கும் பரிவு மிஞ்சாது.

யானை ஏன் இறங்கி வருகிறது? நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பில் பருவத்துக்குப் பருவம் இடம்மாறி வாழும் விலங்கு அது. அதன் வழித்தடங்களை அணைகளும் சாலைகளும் தோட்டங்களும் இருப்புப்பாதைகளும் குறுக்கே வெட்டிவிட்டன. எஞ்சிய காட்டிலும் உண்ணிச்செடி புதராக மண்டி, புல் முளைக்க இடமில்லாமல் செய்துவிட்டது. உங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேலம் கண்மாய்களில் செய்த வேலையை மலைக்காடுகளில் உண்ணிச்செடி செய்கிறது. காட்டில் நாளெல்லாம் தேடிக் கிடைக்கும் உணவு, ஓரத்து வயலில் ஒரே இரவில் கிடைக்கும்போது யானை அதைப் பழகிக்கொள்கிறது. வழித்தடத்தை மீட்பதும், களைச்செடியை அகற்றிப் புல்லை மீட்பதும், யானை நடமாட்டத்தை முன்கூட்டியே ஊருக்கு அறிவிப்பதும் பயன் தரும் வழிகள். கோவை மதுக்கரையில் இருப்புப்பாதையில் யானை வருவதைக் கருவிகள் கண்டு எச்சரிக்கும் ஏற்பாடு 2024 முதல் இயங்குகிறது. மின்வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதோ யானையோடு சேர்த்து மனிதரையும் கொல்கிறது.

ஆவுளியா (கடற்பசு) யானைக்குச் சொந்தம் என்கிறார்களே, மெய்யா? அதுவும் யானை மாதிரி கடலுக்கு ஏதாவது செய்கிறதா? அது வலையில் மாட்டினால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– மீனவர், மண்டபம்

மெய்தான். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்த கேள்வியும் இதுவே. திமிங்கிலத்துக்கோ ஓங்கிலுக்கோ (டால்பின்) ஆவுளியா உறவு இல்லை. யானையும் ஆவுளியாவும் ஒரே முன்னோரிலிருந்து, பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கிளைகள். பெண் ஆவுளியாவுக்குப் பால்மடி முன்துடுப்புகளின் அடியில் இருக்கும். பெண் யானைக்கும் முன்கால்களுக்கு இடையேதான் மடி. ஆண் ஆவுளியாவுக்குச் சிறு கொம்புப் பற்கள் வளர்வதை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருக்கலாம். அவையும் யானைத் தந்தத்தைப் போல வெட்டுப்பற்களே.

வேலையும் யானையின் வேலைதான். ஆவுளியா ஒரு நாளில் 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் தின்கிறது. மேய்ந்த இடத்தில் வேரோடு பிடுங்கிய வளைந்து நெளிந்த தடம் விழும். தெளிந்த நீரில் மூழ்குபவர்கள் அதைக் கண்டிருப்பார்கள். பார்க்கச் சிதைவு போலத் தோன்றும் அந்தத் தடத்தில் மண் கிளறப்பட்டு, இளம்புல் விரைவில் படர்கிறது. ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுப் பகுதியில் ஆவுளியாவின் சாணத்தில் முளைக்கும் திறனுள்ள கடற்புல் விதைகள் கிடைத்துள்ளன. இலத்தி காட்டுக்குச் செய்வதைக் கடலடியில் இது செய்கிறது.

கடற்புல் இருக்கும் இடத்தில்தான் இறாலும் நீலக்கால் நண்டும் பல மீன்களின் குஞ்சுகளும் ஒதுங்கி வளர்கின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலநிலையைக் கேட்டவருக்காக ஒன்று சொல்கிறேன். உலகக் கடலடிப் பரப்பில் மிகச் சிறு பங்கையே கடற்புல் மூடியிருக்கிறது. ஆயினும் ஆண்டுதோறும் கடலடி மண்ணில் புதையும் கரிமத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்கே சேர்வதாக மதிப்பிடப்படுகிறது. கலையாமல் விட்டால் அது நூற்றாண்டுகள் புதைந்தே கிடக்கும். இழுவைமடி வலை கடலடியை வாரிக்கொண்டு போனால் புல்லும் போகும், குஞ்சும் போகும், புதைந்த கரிமமும் கலங்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 செப்டம்பரில் ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் அதுவே முதலாவது. ஆவுளியாவுக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரு காலத்தில் இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டு, இன்று நாடு முழுவதும் சில நூறாகக் குறைந்துவிட்ட அந்த விலங்கு உங்கள் கடலிலும் மேய்கிறது. யானை 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈன்று, அடுத்ததற்கு நான்கைந்து ஆண்டு எடுத்துக்கொள்வதைப் போல, ஆவுளியாவும் ஓராண்டுக்கு மேல் சுமந்து, ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே சில ஆண்டுகள் விடுகிறது. ஆகவே ஒன்று இறந்தாலும் ஈடாக நெடுங்காலம் ஆகும்.

வலையில் மாட்டினால்: அது மீன் இல்லை, மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய விலங்கு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கு நீருக்கு வெளியே வந்தாக வேண்டும். வலைக்குள் திமிறித் திமிறி மூச்சு முட்டியே பெரும்பாலும் சாகிறது. எனவே முதலில் தலையை நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி வலையோடு தூக்கிப் பிடியுங்கள். வாலைக் கயிற்றால் கட்டி இழுக்காதீர்கள். படகில் ஏற்றவும் முயலாதீர்கள். வலையை அறுத்து, அது தானாக நீந்திப் போகும் பக்கம் விடுங்கள். குட்டி கூட இருந்தால் தாயிடமிருந்து அதை விலக்காதீர்கள். முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, கரை திரும்பியதும் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். இப்படி விடுவித்த மீனவர்களைத் தஞ்சாவூர்க் கடற்கரையில் வனத்துறை பாராட்டி வெகுமதி வழங்கியிருக்கிறது. அறுபட்ட வலைக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அந்த அலுவலகத்திலேயே கேட்டு, விண்ணப்பத்தை எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.